அந்த ஸ்டிக்கரை உரிக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

பழைய பந்தயக் கார் பொம்மைகளைச் சில ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். அண்மையில் கார்கி என்ற பிரிட்டிஷ் பொம்மை நிறுவனம் செய்த, லோட்டஸ் அணியின் கருப்புப் பந்தயக் கார் ஒன்று கிடைத்தது. 'ஜான் பிளேயர் ஸ்பெஷல்' ஸ்டிக்கர்கள் பழுத்து, ஓரம் கிழிந்திருக்கின்றன. அசலைப் போலவே அச்சடித்த புது ஸ்டிக்கர்கள் விலைக்குக் கிடைக்கின்றன. மாற்றிவிடலாமா? இன்னொன்று: அது சிகரெட்டின் பெயர் என்று தெரிந்ததும், "பிள்ளை இருக்கிற வீட்டில் இது எதற்கு?" என்று மனைவி கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

மாற்றாதீர்கள். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்தக் கிழிந்த தாளில்தான் இருக்கிறது.

1968க்கு முன் ஃபார்முலா ஒன் கார்கள் நாட்டின் நிறத்தில் ஓடின. பிரிட்டன் பச்சை, இத்தாலி சிவப்பு, பிரான்ஸ் நீலம், ஜெர்மனி வெள்ளி. 1958இல் கார் தயாரிப்பாளர்களுக்கான முதல் பட்டத்தை வென்ற பிரிட்டிஷ் அணியான வான்வாலின் கார் பச்சை. அதையும் கார்கி பொம்மையாகச் செய்தது. 1968இல் விளம்பரத்துக்குக் கதவு திறந்தது. அந்த ஆண்டின் முதல் நாள் தென்னாப்பிரிக்கப் பந்தயத்தில் கன்ஸ்டன் சிகரெட்டின் நிறத்தில் ஓர் அணி ஓடியது. மே மாதம் ஸ்பெயினில், கோல்ட் லீஃப் சிகரெட்டின் சிவப்பும் வெள்ளையும் பொன்னும் பூசிய லோட்டஸில் கிரஹாம் ஹில் வென்றார்.

முதலில் நுழைந்தவை இரண்டுமே சிகரெட் என்பதைக் கவனியுங்கள். பிரிட்டனில் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் 1965லேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் பந்தயத்தை ஒளிபரப்பினால் காரின் பக்கவாட்டில் இருக்கும் பெயரும் சேர்ந்தே திரைக்கு வரும். 1972இல் லோட்டஸ் கருப்புக்கும் பொன்னுக்கும் மாறியது. சிகரெட் பெட்டியின் நிறமே காரின் நிறம். காரின் பெயரைக்கூட 'ஜான் பிளேயர் ஸ்பெஷல்' என்றே பதிவு செய்தார்கள். அதை ஓட்டி பிரேசிலின் எமர்சன் ஃபிட்டிபால்டி 25 வயதில் உலக வாகையர் ஆனார். அடுத்த ஆண்டே கார்கியின் பொம்மை கடைக்கு வந்துவிட்டது.

அதாவது, தொலைக்காட்சியில் காட்டக் கூடாத விளம்பரம் எட்டு வயதுப் பிள்ளையின் கைக்குள் போய்ச் சேர்ந்தது. அவன் அதைத் தரையில் உருட்டினான், தலைமாட்டில் வைத்துத் தூங்கினான். உங்கள் மனைவியின் கேள்வி மிகச் சரியானது. ஆனாலும் பொம்மையை மறைத்துவைக்கச் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு விவரம் தெரியும் வயதில் அதைக் கையில் கொடுத்து, "இது யாருக்காகச் செய்தது, இதில் ஏன் இந்தப் பெயர் இருக்கிறது?" என்று கேளுங்கள். இப்போது செய்யப்படும் மாதிரிக் கார்கள் பலவற்றில் சிகரெட் பெயர் இருந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். காரணம் புரிகிறது, ஆனால் நடந்தது என்ன என்பது அந்த வெற்றிடத்தில் தெரிவதில்லை. உங்களிடம் இருப்பதில் தெரிகிறது.

பொம்மைக் கம்பெனியே பந்தயக் காருக்குப் பணம் கொடுத்த கதையும் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். அமெரிக்காவின் நேர்கோட்டுப் பந்தயங்களில் டான் ப்ருடோமுக்கு 'பாம்பு' என்று பட்டப்பெயர். அவருக்கு எதிராளியாக நிற்க டாம் மெக்யூவன் 'கீரி' ஆனார். கீரியும் பாம்புமாக மோதும் இருவரை விட நல்ல விளம்பரம் ஏது? ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் 1970இல் இருவருக்கும் புரவலரானது. நிஜக் கார்கள் ஹாட் வீல்ஸ் பெயரைச் சுமந்து ஓடின. அவற்றின் சின்ன வடிவங்கள், பாம்பு மஞ்சளிலும் கீரி சிவப்பிலும், கடைகளில் விற்றன. அந்தப் பொம்மையில் இருக்கும் விளம்பரம் அந்தப் பொம்மைக்கே. 1974இல் ஹாட் வீல்ஸ் உலோகத்தின் மேலேயே எழுத்தையும் கோடுகளையும் அச்சிடும் முறைக்குப் போனது. அதற்கு முன் வந்த, ஸ்டிக்கர் ஒட்டிய பழையவை முழுதாகக் கிடைப்பது அரிது. பிள்ளைகளின் நகத்துக்குத் தப்பியவை கொஞ்சம்தான்.

இனி உங்கள் லோட்டஸுக்கு. தூக்கி நிற்கும் ஓரத்தின் அடியில் மட்டும், நீரில் கரையும் பசையை ஊசிமுனையால் தொட்டுவைத்து மெல்ல அழுத்துங்கள். ஃபெவிக்விக் மாதிரி உடனே இறுகும் பசை கூடவே கூடாது. காகிதத்தில் கறை படிந்துவிடும், பிறகு பிரிக்கவும் வராது. வெயில் படும் அலமாரியில் வைக்க வேண்டாம்.

ஸ்டிக்கரே இல்லாமல் மொட்டையாக ஒன்று கிடைத்தால் புது ஸ்டிக்கர் ஒட்டுவதில் தவறில்லை. ஆனால் அதை ஒரு சீட்டில் எழுதிப் பொம்மையுடனே வையுங்கள். உங்களுக்குப் பின் அதை வாங்குபவர் அசல் என்று நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. வாங்கும்போது உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையில் இருக்கட்டும். பழைய அச்சில் ஒரு நிறம் பெரும்பாலும் ஒரே பூச்சாக நிற்கும். வீட்டு அச்சுப்பொறியில் எடுத்ததில் அதே நிறம் நுண்ணிய பல வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும்.

அடுத்து வாங்குவதாக இருந்தால் கார்கியின் ஹெஸ்கத் 308ஐத் தேடிப் பாருங்கள். புரவலர் பெயர் எதுவும் இல்லாமல் ஓடிய வெள்ளைக் கார் அது. 1975இல் அந்தக் காரில்தான் ஜேம்ஸ் ஹன்ட் நெதர்லாந்துப் பந்தயத்தை வென்றார். கருப்பு லோட்டஸுக்குப் பக்கத்தில் அதை வையுங்கள்.

அன்புடன்