தாவர உலகம்: மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மாஸ், பெரணி இரண்டுக்கும் விதை இல்லை. இரண்டும் கருவுறத் தண்ணீர் வேண்டும். பிறகு ஏன் தனித்தனிப் பிரிவு?

பதில்: இவற்றின் வாழ்க்கையில் பாலணுக்களை உருவாக்கும் கேமீட்டகத் தாவரம், வித்துகளை உருவாக்கும் வித்தகத் தாவரம் என்று இரண்டு தலைமுறைகள் மாறிமாறி வரும். கண்ணில் படுவது எந்தத் தலைமுறை என்று பாருங்கள். மாஸில் பச்சையாகத் தெரிவது ஒற்றைமடிய (ஒரு தொகுதி குரோமோசோம் கொண்ட) கேமீட்டகத் தாவரம். அதன் நுனியில் மெல்லிய காம்பும் தலையில் ஒரு சின்ன காப்சூலுமாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் வித்தகத் தாவரம். கடைசிவரை தாயை ஒட்டியே பிழைக்கும். பெரணியில் எல்லாம் தலைகீழ். நாம் பார்க்கும் செடி முழுவதும் இரட்டைமடிய (இரண்டு தொகுதி குரோமோசோம் கொண்ட) வித்தகத் தாவரம். இலையைத் திருப்பினால் அடியில் பழுப்புப் புள்ளிகளாக வித்தகங்கள் (வித்துகள் உருவாகும் பைகள்) கொத்துக்கொத்தாக இருக்கும். கேமீட்டகத் தாவரமோ சில மில்லிமீட்டர் அகலத்தில், பெரும்பாலும் இதய வடிவில், ஈர மண்ணில் படிந்துகிடக்கும் புரோதாலஸ். பலர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அப்புறம், பெரணிக்கு நீரைக் கடத்தும் சைலமும் உணவைக் கடத்தும் ஃபுளோயமும் உண்டு. மரப்பெரணிகள் பல மீட்டர் உயர்வது அந்த பலத்தில்தான்.

கேள்வி: சைகஸ் பார்க்கப் பெரணி மாதிரியே இருக்கிறது. ஏன் ஜிம்னோஸ்பெர்ம் (திறந்த விதைத் தாவரம்)?

பதில்: சந்தேகம் நியாயம்தான். இளம் சிற்றிலைகள்கூடச் சுருண்டே இருக்கும். விந்தணுவுக்கு நீந்த உதவும் கசையிழைகளும் உண்டு. 1896இல் ஜப்பானில் தாவரவியலாளர்கள் ஹிராசே கிங்கோ என்ற மரத்திலும் இகேனோ சைகஸிலும் இதைக் கண்டறிந்தார்கள். ஆனால் அந்த விந்தணு நீந்துவது மழைநீரில் அல்ல, சூலுக்குள் இருக்கும் சிறிதளவு திரவத்தில். சூல் இருக்கிறது, அது விதையாகிறது, அதை மூடச் சூலகம் இல்லை. இந்த மூன்றும் போதும்.

கேள்வி: தாவரவியலாளர்கள் பெந்தம், ஹூக்கர் வகைப்பாட்டில் ஜிம்னோஸ்பெர்ம்கள் இருவிதையிலைத் தாவரங்களுக்கும் ஒருவிதையிலைத் தாவரங்களுக்கும் நடுவில் வருகின்றன. அச்சுப்பிழையா?

பதில்: இல்லை, அவர்கள் வைத்ததே அங்கேதான். 1862 முதல் 1883 வரை வெளிவந்த அவர்களின் ‘ஜெனரா பிளான்டாரம்’ நூல் வெளிப்படையான பண்புகளின் ஒற்றுமையை வைத்துச் செடிகளைச் சேர்த்தது. பரிணாம உறவைக் காட்ட முயலவில்லை. உலர்தாவரத் தொகுப்புகளை அடுக்க இன்றும் வசதியானது என்பதால் நீடிக்கிறது. ஜிம்னோஸ்பெர்ம்களுக்குத் தந்த அந்த இடம் தவறு என்று தயங்காமல் எழுதலாம்.

கேள்வி: கருவூண் (வளரும் கருவுக்கு உணவூட்டும் திசு) எதில் எத்தனை மடியம்?

பதில்: ஜிம்னோஸ்பெர்மில் கருவுறுதலுக்கு முன்பே உருவாவதால் ஒற்றைமடியம். பூக்கும் தாவரங்களான ஆஞ்சியோஸ்பெர்மில் இரட்டைக் கருவுறுதலுக்கு (ஒரு ஆண் பாலணு முட்டையுடனும் இன்னொன்று மையச் செல்லுடனும் இணைவது) பின் உருவாவதால் பெரும்பாலும் மும்மடியம்.

கேள்வி: நீலப்பசும்பாசி தாவரமா?

பதில்: இல்லை. செல்லில் உட்கருவே கிடையாது. 1969இல் விட்டேக்கர் தந்த ஐந்துலக வகைப்பாட்டில் அதன் இடம் உட்கரு இல்லாத உயிரிகளுக்கான மொனிரா. பெயரில் பாசி இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.