கிரவுன் பினியன் வாங்கும் முன் பல்லை எண்ணுங்கள்

கேள்வி: கடலூர் முதுநகர்ப் பக்கம் இருக்கிறேன். லோடு பாடி கட்டிய பழைய மகிந்திரா ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வைத்திருக்கிறேன். கடற்கரை ஓரத் தோப்புகளில் சவுக்குக் கட்டை ஏற்றி வருவதுதான் முக்கிய வேலை. போன வருடம் 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 31 அங்குலம் போட்டேன். இப்போது மணலில் பழைய இழுவை இல்லை. 40-ஐத் தாண்டினால் பின் ஆக்ஸிலிலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது. கிரவுன் பினியன் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், இழுவை கூடுகிற ரேஷியோவாகப் போட்டுவிடலாமா? புதிது வாங்குவதா, சென்னை புதுப்பேட்டையில் பழசு பார்ப்பதா? உள்ளூரிலேயே கோர்க்க முடியுமா?

பதில்: இழுவை குறைந்ததும் சத்தம் வருவதும் ஒரே கோளாறு என்று நினைக்கிறீர்கள். இரண்டும் தனித்தனி. இழுவை போனது டயரால். டயர் உயரம் 28-லிருந்து 31 ஆனால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய பத்து சதவீதம் குறையும். கிரவுன் பினியன், அதாவது ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமும் (கிரவுன்) அதைச் சுழற்றும் சின்ன பல்சக்கரமும் (பினியன்), புத்தம் புதிதாக இருந்தாலும் இது நடக்கும். உங்கள் ஆக்ஸில் 4.88 ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்று வரப் பினியன் 4.88 சுற்று வரும் என்று வைத்துக்கொள்வோம். 31 அங்குல டயரில் அது 4.41 போட்ட வண்டிபோல நடந்துகொள்ளும். பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் 4.88-ஐ 31-ஆல் பெருக்கி 28-ஆல் வகுக்க வேண்டும். 5.40 வரும். கிடைக்கிற செட்டில் அதற்கு நெருக்கமானது 5.38.

இந்த இரண்டு எண்ணும் ஜீப்புக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் கால வில்லிஸ் எம்பி ஜீப்பில் இருந்தது 4.88, அதாவது கிரவுனில் 39 பல், பினியனில் 8. பிறகு வந்த சிஜே 3பி வகையில் 43-க்கு 8, அதுதான் 5.38. ஆனால் நம் ஊரில் ஓடும் பழைய ஜீப்புகளில் எந்த ஆக்ஸில் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பது பல முதலாளிகளுக்கே தெரியாது. ஆர்சி புத்தகத்தையோ கடைக்காரரின் ஞாபகத்தையோ நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள்.

எண்ணிப் பார்ப்பது எளிது. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் இரண்டு சக்கரமும் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டும். ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஒரு சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொரு சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ரேஷியோ. ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 4.88, ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 5.38. ஆக்ஸிலைத் திறந்த பிறகு கிரவுன் விளிம்பில் பொறித்திருக்கும் பல் எண்ணிக்கையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். முன் ஆக்ஸிலையும் இப்படியே எண்ணிவிடுங்கள். ஏன் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

அடுத்தது சத்தம். மட் டயர் போட்டிருந்தால் முதலில் டயரைத்தான் சந்தேகப்படுவேன். ஆள் நடமாட்டமில்லாத நேராக ஓடும் ரோட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியும் விட்டும் பாருங்கள். டயர் சத்தம் வேகத்தோடு மட்டும்தான் மாறும். அழுத்தும்போது ஊளையிட்டு, விட்டவுடன் அடங்கினாலோ, அல்லது நேர்மாறாக விடும்போது மட்டும் கேட்டாலோ கிரவுன் பினியன் பல்லில் கோளாறு, இல்லையென்றால் பினியன் பேரிங் தளர்ந்து பல் இடம் மாறியிருக்கிறது. எப்போதும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங். வளைவில் மட்டும் கடகடத்தால் உள்ளே இருக்கும் ஸ்பைடர் கியரையும் வீல் பேரிங்கையும் பார்க்க வேண்டும். கியர் போட்டு கிளட்சை விடும்போது ‘டங்’ என்று அடித்தால் பெரும்பாலும் புரொப்பல்லர் ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் யூ ஜாயின்ட் கிராஸ்தான். அந்தச் சின்ன சாமானுக்காக ஆக்ஸிலையே பிரித்தவர்கள் உண்டு.

பிறகு ஆயிலை இறக்கிப் பாருங்கள். டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். நகத்தில் சிக்கும் அளவுக்குச் செதில் செதிலாக இரும்பு வந்தால் பல் போய்விட்டது. ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நம் பகுதி வண்டிகளில் இதுதான் அதிகம். 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரைபுரண்டபோது நாள் கணக்கில் தண்ணீரில் நின்ற வண்டிகளில், இன்ஜினைக் காப்பாற்றியவர்கள்கூட ஆக்ஸிலைத் திறந்து பார்க்கவில்லை. நிற்கும் வண்டிக்கு மட்டுமல்ல இந்த ஆபத்து. ஓடிச் சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். ஆக்ஸில் மேலே உள்ள பிரீதர் என்னும் காற்றுத் துளை மண் அடைத்துக் கிடந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடற்கரையில் என்றால் உப்புத் தண்ணீர். பேரிங்கில் துருப் புள்ளி விழும், பேரிங் தளரும், பினியன் நகரும், கடைசியில் பல் ஊளையிடும். ஆக, பிரீதரைச் சரி செய்யாமல் புது கியர் போட்டால் அதுவும் இதே வழியில் போகும். பிரீதர் இருக்கும் இடத்தில் நிப்பிள் போட்டு, ஒரு ரப்பர் ஹோஸை பாடி உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிடுங்கள். செலவு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை.

சரி, பல் போய்விட்டது என்று உறுதியாகிவிட்டது. எந்த ரேஷியோ வாங்குவது?

ஃபோர் வீல் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருந்தாக வேண்டும். பின்னால் 5.38, முன்னால் 4.88 என்று வைத்துக்கொண்டு ஃபோர் வீல் போட்டால் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொள்ளும். மணலில் டயர் வழுக்கிக் கொஞ்சம் தாங்கும், தார் ரோட்டில், முன் பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸோ கிராஸோ உடையும். அதனால் ரேஷியோ மாற்றம் என்றாலே இரண்டு செட் கியர், இரண்டு செட் பேரிங், இரண்டு மடங்கு கூலி. உங்கள் இடத்தில் நான் இருந்தால் 31 அங்குல டயரை விற்றுவிட்டு பழைய அளவுக்கே திரும்புவேன், பின் ஆக்ஸிலுக்கு மட்டும் இப்போதுள்ள ரேஷியோவிலேயே செட் வாங்குவேன். கட்டை ஏற்றும் வண்டிக்குத் தேவை இழுவை, உயரம் இல்லை. மணலில் இறங்கும்போது காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கிப் பாருங்கள். காலி வண்டிக்கு உள்ள கணக்கு அது, லோடு ஏற ஏறக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்று ஏற்றிக்கொள்ள ஒரு சின்ன கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும்.

பெரிய டயரை விட மனமில்லை என்றால் இரண்டு ஆக்ஸிலையும் மாற்றுங்கள். ஆனால் ஒன்று, ஒரே அளவு கிரவுனில் ரேஷியோ ஏற ஏறப் பினியன் சிறுக்கும், பல்லின் பலமும் குறையும். சில ஆக்ஸில்களில் ரேஷியோவைப் பொறுத்து, கிரவுனைத் தாங்கும் கூடான கேரியரும் மாறும். டானா 44-இல் 3.73 வரைக்கும் ஒரு கேரியர், 3.92-உம் அதற்கு மேலும் இன்னொன்று. கியரை மட்டும் வாங்கி வந்து பொருந்தாமல் நிற்பது இதனால்தான். ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால் டயர் அளவுக்கு ஒத்துவராத ரேஷியோ போட்டால் அதுவும் தப்பாகக் காட்டும்.

வாங்கும்போது பழைய கிரவுனையும் பினியனையும் கையோடு எடுத்துப் போங்கள். பல் எண்ணிக்கை, பினியன் தண்டில் உள்ள ஸ்ப்ளைன் (நீளவாட்டு வரி) எண்ணிக்கை, கிரவுனின் விட்டம், போல்ட் துளைகள் எல்லாவற்றையும் கடையிலேயே ஒத்துப் பாருங்கள். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடு ஒன்று உரசிப் பதம் பார்க்கப்பட்ட ஜோடி. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். எண் வேறாக இருந்தால் பெட்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய சாமான் பற்றிக் கேட்டீர்கள். புதுப்பேட்டையில் உதிரியாகக் கிடக்கும் கிரவுன் பினியனை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ஓடித் தேய்ந்த பல் தன் பழைய இடத்தில்தான் அமைதியாக ஓடும். இன்னொரு ஹவுசிங்கில் (ஆக்ஸிலின் வெளிக்கூட்டில்) அந்த இடத்தைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம். யாரும் திறக்காத முழு ஆக்ஸில் கிடைத்தால், ரேஷியோ எண்ணிப் பார்த்து, ஆயிலைப் பார்த்து வாங்கலாம். கியரோடு பினியன் பேரிங் இரண்டு, கேரியர் பேரிங் இரண்டு, சீல், பினியன் நட், கிரவுன் போல்ட், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) செட் எல்லாம் சேர்த்தே வாங்குங்கள். பழைய பேரிங்கில் புது கியர் போடுவது காசைக் கரைக்கிற வேலை.

இனி கோர்ப்பது. கியரின் ஆயுள் கடையில் முடிவாவதைவிடப் பட்டறையில்தான் அதிகம் முடிவாகிறது. ஆகவே முதலில் ஆளைப் பிடியுங்கள், அப்புறம் சாமான். கடலூர், புதுச்சேரி இரண்டிலும் நல்ல ஜீப் மெக்கானிக்குகள் உண்டு. ஆனால் இந்த ஒரு வேலைக்கு லாரி ஆக்ஸில் செட்டிங் செய்கிறவர்களை விசாரிப்பேன். நெய்வேலிப் பக்கம் டிப்பர் வேலை செய்கிறவர்கள், புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி முனையத்தைச் சுற்றி இருப்பவர்கள் என்று கேட்டுப் பாருங்கள். போனதும் ஒரே ஒரு கேள்வி: “டயல் கேஜ் இருக்கிறதா?” மில்லிமீட்டரில் சிறு பங்கு அசைவையும் அளக்கும் முள் கருவி அது. கையால் ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பிரிக்கும் முன்பே பழைய பேக்லாஷை, அதாவது பினியனைப் பிடித்துக்கொண்டு கிரவுனை ஆட்டினால் வரும் இடைவெளியை, அளந்து எழுதி வைக்க வேண்டும். கேரியர் பேரிங் கேப் இரண்டிலும் இடது, வலது என்று குறி போட வேண்டும், மாற்றிப் போடவே கூடாது. பழைய ஷிம்களைத் தூக்கிப் போடாமல் மைக்ரோமீட்டரில் அளந்து அதே கனத்தில் ஆரம்பிக்கலாம். ஒரு பழைய பேரிங்கின் உள் துளையை லேசாகத் தேய்த்து வைத்துக்கொண்டால் கையாலேயே போட்டு எடுக்கலாம், ஒவ்வொரு ஷிம் மாற்றத்துக்கும் பிரஸ்ஸுக்கு ஓட வேண்டாம். இந்தத் தந்திரம் தெரிந்தவரா என்பதை வைத்தே ஆளின் அனுபவத்தைக் கணிக்கலாம்.

முதலில் பினியன் ஆழம், அதாவது பினியன் கிரவுனை நோக்கி எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பது. பிறகு பினியன் பேரிங்கின் இறுக்கம். புது பேரிங்குக்குப் பொதுவாக 1.7 முதல் 3.4 நியூட்டன் மீட்டர் என்பார்கள், உங்கள் ஆக்ஸிலின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. அதற்கான ரெஞ்ச் இல்லாவிட்டாலும் ஸ்பிரிங் தராசு போதும். பினியன் ஃபிளாஞ்சில் கயிறு சுற்றித் தராசால் இழுங்கள். கயிறு சுற்றிய இடத்தின் ஆரம் 5 செ.மீ. என்றால், சீராகச் சுழலும்போது தராசு மூன்றரை கிலோவுக்கும் ஏழு கிலோவுக்கும் இடையே காட்ட வேண்டும். சில ஆக்ஸில்களில் இந்த இறுக்கத்தை ஷிம் தீர்மானிக்கும், சிலவற்றில் நசுங்கும் ஸ்லீவ். ஸ்லீவ் என்றால் இம்பேக்ட் கன்னை ஓரம் வைக்கச் சொல்லுங்கள். ஒரு நொடி அதிகமாக இறுகிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிக்கட்ட முடியாது, புது ஸ்லீவ்தான் போட வேண்டும்.

அதன் பிறகு பேக்லாஷ். வழக்கமாக 0.15 முதல் 0.25 மி.மீ. கிரவுனைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் அளக்க வேண்டும். இடத்துக்கு இடம் கணிசமாக மாறினால் கிரவுன் உட்காரும் இடத்தில் பிசிறோ அழுக்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக மை பூசி அச்சுப் பார்ப்பது. மூன்று நான்கு பல்லில் மார்க்கிங் மை தடவி, கிரவுனுக்குக் கட்டை கொடுத்து லேசாகத் தடுத்தபடி பினியனைச் சுற்ற வேண்டும். அச்சு பல்லின் நடுவில், உச்சியையும் அடியையும் தொடாமல் விழ வேண்டும். உச்சிப் பக்கம் விழுந்தால் பினியன் எட்டி நிற்கிறது, உள்ளே தள்ள வேண்டும். அடியில் விழுந்தால் பினியன் ரொம்ப உள்ளே போயிருக்கிறது, வெளியே எடுக்க வேண்டும். பல்லின் உள் முனையில் விழுந்தால் பேக்லாஷைக் கூட்டுவது, வெளி முனையில் விழுந்தால் குறைப்பது. ஷிம்மில் 0.05 மி.மீ. மாறினாலே அச்சு நகர்வது கண்ணுக்குத் தெரியும். நாலைந்து தடவை பிரித்துக் கோர்க்காமல் இது அமைவது அபூர்வம், அதனால் “மத்தியானத்துக்குள் முடித்துக் கொடுங்கள்” என்று அவசரப்படுத்தாதீர்கள். அச்சைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சத்தம் வந்தால் பேச ஆதாரம் இருக்கும்.

ஆயில் ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 அல்லது கையேட்டில் சொன்னது. மிச்சத்தை கியர் பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். பழைய பாக்ஸில் உள்ள பித்தளை வளையங்களுக்கு ஜிஎல்-5 பல நேரம் ஆகாது.

வண்டி வெளியே வந்ததும் லோடு ஏற்ற வேண்டாம். முதல் ஓட்டம் பதினைந்து இருபது நிமிடம், மிதமான வேகத்தில், காலியாக. பிறகு ஹவுசிங் கையால் தொடும்படி முழுக்க ஆறவிட வேண்டும். இதை இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். புதுப் பல் உரசும்போது அதிகம் சூடாகும், அந்தச் சூட்டில் லோடு ஏற்றினால் பல்லின் மேற்பரப்பு கெட்டுவிடும். முதல் 800 கிலோமீட்டருக்குக் கனமான கட்டை லோடு வேண்டாம், அது முடிந்ததும் ஆயிலை மாற்றுங்கள். சீசன் நேரத்தில் இது முடியாது என்றால் வேலையையே சீசனுக்கு முன்னால் வைத்துக்கொள்வது நல்லது.

ரேஷியோ மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, முன் ஆக்ஸிலுக்கான செட் வந்து சேரத் தாமதமானால், அதுவரை ஃபோர் வீல் லீவரைத் தொடாதீர்கள். டிரைவர் வைத்து ஓட்டுகிறவர் என்றால் முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.