விருப்பப் பட்டியலின் முதல் வரி: ப்ளஸ் டூ முடித்த மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

நேற்று பள்ளிக்கூடத்தில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் நின்றபடியே பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். பின்னால் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் உங்கள் முகம் கண்ணிலேயே நின்றது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தையல் வேலை முடிந்த பிறகு மகளையும் அவள் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் மார்க்கைப் பேசிவிடலாம். 600-க்கு எத்தனை என்று ஊரே கேட்கும். பொறியியல் கவுன்சிலிங்குக்கு அந்தக் கணக்கு வேண்டாம். கணக்குப் பாடம் 100-க்கு அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி, மொத்தம் 200. உங்கள் மகள் கணக்கில் 91, இயற்பியலில் 84, வேதியியலில் 88. அப்படியென்றால் 91, 42, 44. கூட்டினால் 177. இதுதான் அவளுடைய கட்-ஆஃப். நல்ல கட்-ஆஃப். "குறைஞ்சு போச்சு சார்" என்று நீங்கள் சொன்னது எனக்குச் சம்மதம் இல்லை.

அவள் கணக்கில் 96 வரும் என்று நம்பியிருந்தாள். அதை என்னிடம் மெல்லத்தான் சொன்னாள். நம்பிக்கை இருந்தால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கட்டும். அதற்குக் கொடுக்கும் நாட்கள் கொஞ்சம்தான், பள்ளியிலேயே செய்துவிடலாம். நகல் கைக்கு வந்ததும் அவளுடைய கணக்கு ஆசிரியரிடம் காட்டிவிட்டு, மறுமதிப்பீடு கேட்பதா என்று முடிவு செய்யலாம். வேதியியலில் இரண்டு மார்க் கூடினால் கட்-ஆஃபில் ஒன்று ஏறும். கணக்கில் இரண்டு கூடினால் இரண்டுமே ஏறும். அரை மார்க் இடைவெளிக்குள் ஏராளமான பிள்ளைகள் நிற்கிற வரிசை இது.

அடுத்து உங்கள் தம்பி சொன்ன விஷயம். தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட், இப்போதே முப்பதாயிரம் அட்வான்ஸ், கூடவே ஒரிஜினல் சர்டிபிகேட். தாய்மாமன் அக்கறையில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் வேண்டாம் அம்மா. கவுன்சிலிங் தொடங்கவே இல்லை. அதற்குள் எதற்கு இந்த அவசரம்? அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது, சேர்க்கையை ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. விதியைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். டிசியும் மார்க் ஷீட்டும் உங்கள் பீரோவை விட்டு வெளியே போகக் கூடாது. கேட்பவர்களுக்கு ஜெராக்ஸ் கொடுங்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டிய வேலை பெயர்களைச் சரிபார்ப்பது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ப்ளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் பாயில் வரிசையாகப் பரப்பி வையுங்கள். அவள் பெயர், இனிஷியல், அப்பா பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். மூன்று வருடம் முன்பு ஒரு பையனுக்கு மார்க் ஷீட்டில் அப்பா பெயர் சுப்பிரமணியன், சாதிச் சான்றிதழில் சுப்பிரமணி. அந்த இரண்டு எழுத்துக்காக அவன் அப்பா கூலியை விட்டுவிட்டு மூன்று நாள் அலைந்தார். இப்போதே தெரிந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். அண்ணன் ஐடிஐ படித்தவன் என்பதால் வாய்ப்பு போய்விட்டது என்று நினைத்திருந்தீர்கள். ஐடிஐ பட்டம் கிடையாது. உங்கள் குடும்பத்தில் இவள்தான் முதல் பட்டதாரி, அந்தக் கட்டணச் சலுகை இவளுக்கு உண்டு. இருப்பிடச் சான்றிதழுக்கு ஓட வேண்டாம். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு அது தேவையில்லை.

விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் போடலாம், தவறில்லை. ஆனால் போன் நம்பர் உங்கள் வீட்டில் இருக்கும் போனுடையதாக இருக்கட்டும். கடைக்காரர் அவசரத்தில் தன் நம்பரையே போட்டுவிடுவார். அப்புறம் ஓடிபி வர வர அவர் கடை வாசலில்தான் நிற்க வேண்டும். பாஸ்வேர்டை அவளே ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளட்டும்.

நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே விருப்பப் பட்டியலைப் பற்றிச் சொல்லத்தான். ரேங்க் வந்து, ஜூலை வாக்கில் சாய்ஸ் கொடுக்கச் சொல்வார்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்று வரிசையாக எழுத வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் மகளின் முறை வரும்போது கணினி அவள் பட்டியலில் முதல் வரியைப் பார்க்கும். அங்கே அவளுடைய இட ஒதுக்கீட்டுப் பிரிவில் இடம் இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும், இரண்டாவது வரிக்கு வரவே வராது. முதல் வரியில் இடம் இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. இவ்வளவுதான் கணக்கு.

முதல் வரியில் எட்டாத கல்லூரியை எழுதினால் ஒரு நஷ்டமும் கிடையாது. அது இல்லையென்றால் கணினி பேசாமல் கீழே இறங்கிவிடும், அதற்காக மார்க்கைக் குறைக்காது, வரிசையில் பின்னால் தள்ளாது. "கண்டிப்பா கிடைக்கும்" என்று ஒன்றை மேலே எழுதினால்தான் நஷ்டம். அது கிடைத்துவிடும், கிடைத்த பிறகு வேறு எதுவும் கிடைக்காது.

என் மாணவன் ஒருவன் பக்கத்து ஊர்க் கல்லூரியை முதலில் எழுதிவிட்டு, ஆசைப்பட்ட கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியை ஐந்தாவதாக எழுதினான். வீட்டில் பயந்து அப்படி எழுதச் சொன்னார்கள். முதல் வரியே கிடைத்தது. இடங்கள் எல்லாம் நிரம்பிய பிறகு பட்டியலைப் பார்த்தால், கோயம்புத்தூரில் அவனைவிடக் குறைந்த கட்-ஆஃபுக்கு, அவன் பிரிவிலேயே, அவன் கேட்ட பாடமே போயிருக்கிறது. மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்ல ஒரு வழி இருக்கிறதே, அதைக் கேட்கலாமா சார் என்று ஓடிவந்தான். முதல் வரியே கிடைத்தவனுக்கு மேலே என்று ஒன்று ஏது? அன்றைக்கு அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. அதன் பிறகு இந்த ஒரு விஷயத்தை ஒவ்வொரு வீட்டிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நேற்று உங்கள் மகள் ஒரு நோட்டைக் காட்டினாள். நீங்கள் அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருந்தீர்கள். பென்சிலால் அவளே ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். முதல் வரியை எழுதி ரப்பரால் அழித்திருந்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தடம் தெரிகிறது: கிண்டி, இசிஇ. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவு. ஏன் அழித்தாய் என்று கேட்டேன். "கிடைக்காது சார், அம்மாவும் அனுப்ப மாட்டாங்க" என்றாள். முதல் காரணத்துக்கு மேலே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளையை வெளியூர் ஹாஸ்டலில் விடுவது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஆனால் சாய்ஸ் கொடுக்கும் இரவில் அழுது முடிவு செய்யாமல், இந்த மாதமே பேசி முடித்துவிடுங்கள். நீங்களும் அவள் அப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் ஹாஸ்டல் வாசலில் நில்லுங்கள். உள்ளே இருந்து வரும் பெண்களிடம் சாப்பாடு எப்படி, இரவு எத்தனை மணிக்குக் கேட் மூடுவார்கள், உடம்புக்கு முடியாமல் போனால் யார் வருவார்கள் என்று கேளுங்கள். பார்த்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், அந்தக் கல்லூரியைப் பட்டியலில் எழுதவே வேண்டாம். எழுதிவிட்டு, கிடைத்த பிறகு மறுத்தால் இடம் போகும், வருடமும் போகலாம். ஒப்புக்கொண்டால் அழித்த வரியைத் திரும்ப எழுதட்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன, வீட்டிலிருந்தே போய்வரலாம். அவையும் பட்டியலில் இருக்கட்டும், அவற்றுக்குரிய இடத்தில்.

செலவை நினைத்துத்தான் தயங்குகிறீர்கள் என்றால் இதையும் படியுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்ததால் அவளுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. பொறியியலுக்கு இது 2021-ல் வந்தது. அதில் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பொதுவான தரவரிசையிலும் அவளுக்கு ஓர் இடம் இருக்கும், அரசுப் பள்ளித் தரவரிசையிலும் இருக்கும். பின்னதில் கட்-ஆஃப் குறைவாக முடிவது வழக்கம், அதனால் 177-க்குக் கிண்டி வெறும் கனவு என்று நான் நினைக்கவில்லை. ஒதுக்கீட்டு ஆணை வந்ததும் அது எந்த ஒதுக்கீட்டில் வந்தது என்று பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். இதுபோக புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரில் உள்ள கணக்கிலேயே விழும்.

பட்டியல் எழுதும்போது கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே சாமி பெயரில் நாலு கல்லூரி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கவுன்சிலிங் கோட் உண்டு. கிண்டிக்கு 1. நோட்டில் கோட் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்தால் ஓரிரு நாளில் பதில் சொல்ல வேண்டும். சேர்கிறேன், மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன், வேண்டாம் என்று ஏதாவது ஒன்றை அழுத்தியே ஆக வேண்டும். எதையும் அழுத்தாமல் விட்டால் இடம் போய்விடும். அந்த வாரம் குலதெய்வம் கோயிலுக்கு எங்கும் கிளம்பிவிடாதீர்கள்.

பாடப்பிரிவா, கல்லூரியா என்று அவள் அப்பா கேட்டார். எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் ஓடுகிறார்கள். என் கருத்து: பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பதைவிட, நல்ல கல்லூரியில் இசிஇயோ எலக்ட்ரிக்கல் பிரிவான ட்ரிப்பிள் இயோ படிப்பது மேல். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை ஒவ்வொரு செமஸ்டருக்கும் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். "நூறு சதவீதம் வேலைவாய்ப்பு" என்று பேனரில் போட்டிருந்தால், எத்தனை பேர் தேர்வுக்கு உட்கார்ந்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேளுங்கள். ஒரே பையனுக்கு மூன்று கம்பெனியில் கிடைத்தால் மூன்று என்று எண்ணுகிற இடமும் உண்டு. கல்லூரி பஸ் நிறுத்தத்தில் நிற்கும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள்.

பொறியியலை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இப்போதே விண்ணப்பம் போடச் சொல்லுங்கள், செலவு ரொம்பக் குறைவு. அவளுக்குக் கணக்கு பிடிக்கும். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் பிஎஸ்சி கணிதம் கிடைத்தாலும் அது தோல்வி ஆகாது. இதை அவள் காதுபடச் சொல்லுங்கள்.

"நாலு வருஷம் படிச்சிட்டு வேலை கிடைக்கலைன்னா?" என்று கேட்டீர்கள். கிடைத்தே தீரும் என்று என்னால் எழுதித் தர முடியாது. எங்கே சறுக்குகிறார்கள் என்று மட்டும் தெரியும். தமிழ் வழியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் முதல் செமஸ்டரில் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து மிரண்டு, கேட்க வெட்கப்பட்டு, கணக்கிலேயே அரியர் வைக்கிறார்கள். கேம்பஸுக்கு வரும் பல கம்பெனிகள் பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ, கல்லூரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் இருக்கக் கூடாது என்று கேட்கும். அதனால் இந்த இரண்டு மாத விடுமுறையில் அவள் ஒரு வேலை செய்யட்டும். ப்ளஸ் டூ கணக்கு, இயற்பியல் புத்தகங்களின் ஆங்கில வழிப் பதிப்பை வாங்கி, தெரிந்த பாடத்தையே ஆங்கிலத்தில் ஒரு தடவை படிக்கட்டும். வகையிடல் என்று படித்தது அங்கே டிஃபரன்சியேஷன் என்று இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். தெரிந்த கணக்கு என்பதால் பயம் வராது.

கல்லூரியில் அரசின் ‘நான் முதல்வன்’ திட்ட வகுப்புகளைப் பிள்ளைகள் கடமைக்கு முடிப்பார்கள். அவள் அப்படி விடக் கூடாது. மூன்றாம் ஆண்டில் ஒரு இன்டர்ன்ஷிப் பார்க்கட்டும். படிப்பு முடிந்ததும் வேலை தள்ளிப்போனால் ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சி இருக்கிறது. நெய்வேலி நிறுவனமும் அரசுப் போக்குவரத்துக் கழகமும் பட்டதாரிகளை உதவித்தொகையோடு எடுக்கின்றன. வீட்டில் சும்மா இருந்த வருடத்தைவிட அந்த வருடம் பேட்டியில் பேசும்.

இன்னொன்று. தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழைப் பள்ளியிலேயே இப்போதே வாங்கிவிடுங்கள். அரசு வேலையில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. பத்தாம் வகுப்புத் தகுதிக்கான குரூப் 4 தேர்வில் அவளுக்கு அது பயன்படும். 18 வயது முடிந்த பிறகு கல்லூரியில் படித்துக்கொண்டே எழுதிப் பார்க்கலாம்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். கூட்டம் இருக்காது, விண்ணப்பத்தை நானே உடன் இருந்து பார்க்கிறேன். சான்றிதழ்களோடு அந்த நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அவள் அப்பாவுக்கு அன்றைக்கு வேலை என்றால் சொல்லுங்கள், மாலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்வோம். அவரும் இருந்தால் நல்லது.