போரும் வாழ்வும், நான்கு படங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ நாவலை எட்டு மாதமாகப் படித்து முடித்தேன். அடுத்த வாரமே செர்கேய் போந்தார்சுக் 1960களில் நான்கு பாகமாக எடுத்த சோவியத் படத்தையும் பார்த்தேன். எங்கள் வாசகர் வட்டத்தில் இது பெரிய வாக்குவாதமாகிவிட்டது. “வரலாற்றைப் பற்றி டால்ஸ்டாய் சொல்வதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நடனமும் சண்டையும்தான். இந்த மாதிரி நாவலைத் தொடக்கூடாது” என்கிறார்கள் சிலர். “நாவலில் இழுவையே அந்தப் பகுதிதான், வெட்டியது நல்லது” என்கிறார்கள் மற்றவர்கள். எனக்குப் படம் பிடித்திருந்தது. ஆனாலும் ஏதோ குறைகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இன்று ஒரு நீண்ட தொடராக எடுத்தால் சரியாக வருமா?

ச., திண்டுக்கல்

*

அன்புள்ள ச.,

உங்கள் வட்டத்தின் சண்டைக்கு ஏறக்குறைய நாவலின் வயது. 1880ல் பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளாபேர் ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவுக்கு எழுதிய கடிதத்தில் இந்த நாவலின் முதல் இரண்டு தொகுதிகளையும் மனம்விட்டுப் புகழ்கிறார். மூன்றாவதில் ஆள் சொன்னதையே சொல்கிறார், தத்துவம் பேச ஆரம்பித்துவிடுகிறார் என்று குறைப்படுகிறார். அதற்கும் முன்னால், 1873 பதிப்பில், டால்ஸ்டாயே அந்தப் பகுதிகளைக் கதையிலிருந்து பிரித்துப் பின்னிணைப்பாக வைத்துப் பார்த்தார். 1886 பதிப்பில் அவை பழைய இடத்துக்கே வந்துவிட்டன. எழுதியவருக்கே இருந்த தடுமாற்றம் இது. ஆகவே வெட்டலாம் என்று சொல்லும் நண்பர்களிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு வருத்தம் வேறு. இரு தரப்புமே நாவலின் தத்துவம் அந்தக் கட்டுரைப் பக்கங்களில்தான் இருக்கிறது என்று நம்புகிறார்கள்.

நெப்போலியன் ரஷ்யப் படையைத் தோற்கடித்த ஆஸ்டர்லிட்ஸ் களத்தில், நாவலின் நாயகர்களில் ஒருவனான ரஷ்ய அதிகாரி ஆந்த்ரேய் அடிபட்டு மல்லாந்து கிடக்கிறான். மேலே உயர்ந்த வானம், மெல்ல நகரும் சாம்பல் மேகங்கள். அதுவரை அவன் நாயகனாக நினைத்திருந்த நெப்போலியன் அருகில் வந்து நின்று “அழகான சாவு” என்கிறான். அந்தக் குரல் ஆந்த்ரேயின் காதில் ஈயின் ரீங்காரம் போல விழுகிறது. மாமனிதர்கள் வரலாற்றை நடத்துவதில்லை என்று நாவலின் முடிவில் வரும் இரண்டு பின்னுரைகளில் இரண்டாவதன் 12 அத்தியாயங்களில் டால்ஸ்டாய் வாதாடுவதை இந்த ஒரு ஈ சொல்லிவிடுகிறது. 1812ல் நெப்போலியன் மாஸ்கோவை நோக்கி வரும்போது நடந்த பொரோடினோ சண்டையின் நடுவில் ரஷ்யத் தளபதி குதுசோவ் வறுத்த கோழியைச் சிரமப்பட்டு மென்றுகொண்டிருக்கிறார் இல்லையா, அதுவும் தத்துவம்தான். கதையை எடுத்தாலே தத்துவமும் கூட வரும், எடுப்பவருக்குக் கண் இருந்தால்.

போந்தார்சுக்குக்குக் கண் இருந்தது. மூன்றாம் பாகத்தின் பொரோடினோவை இன்னொரு முறை பாருங்கள். நாவலில் இன்னொரு நாயகனான பியர், படைவீரன் அல்லாதவன், பச்சைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாக, ஏதோ விருந்துக்குப் போகிறவன் போலப் பீரங்கி மேட்டில் போய் நிற்கிறான். சுற்றி நடப்பது எதுவும் அவனுக்கு விளங்குவதில்லை. படத்திலும் அந்தத் திகைப்பு அப்படியே இருக்கிறது. அப்புறம் கேமரா மேலே போகிறது. சில ஷாட்டுகளை ஹெலிகாப்டரிலிருந்து எடுத்தார்கள், சிலவற்றைக் களத்துக்கு மேலே கட்டிய கம்பியில் கேமராவைச் சறுக்கவிட்டு எடுத்தார்கள். புகைக்கு அடியில் ஆயிரக்கணக்கான நிஜப் படைவீரர்கள் வெள்ளம் போலப் பிரிகிறார்கள், கலக்கிறார்கள், சுழல்கிறார்கள். யார் உத்தரவிட்டு யார் ஓடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது. பலர் இதை வெறும் பிரம்மாண்டம் என்று ஒதுக்குகிறார்கள். நான் இதில் டால்ஸ்டாயின் கணக்கைப் பார்க்கிறேன். மனிதர்களின் மிகமிகச் சிறிய விருப்பங்களைக் கூட்டிக்கொண்டே போனால்தான் வரலாறு பிடிபடும் என்று நுண்ணிய அளவுகளைக் கூட்டும் கணிதமான கால்குலஸை உவமையாக்கி எழுதினாரே, அந்தக் கூட்டல் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

படம் தடுமாறுவது காட்டுவதோடு நில்லாமல் பேசவும் தொடங்கும் இடங்களில். ஓக் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் மொட்டையாக நின்ற கிழட்டு மரம் ஜூனில் திரும்பி வரும்போது அடையாளமே தெரியாமல் தழைத்திருக்கிறது. 31 வயதில் வாழ்க்கை முடிந்துவிடவில்லை என்று ஆந்த்ரேய்க்குத் தோன்றுகிறது. அந்த இலைகளை நாம் நம் பாட்டுக்குப் பார்த்திருப்போம். படத்தில் பின்னணிக் குரல் வந்து கூடவே நடக்கிறது.

நீளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த நான்கு பாகமும் சேர்ந்து ஏறக்குறைய ஏழு மணி நேரம். பிபிசி 1972ல் 20 பகுதிகளாக எடுத்தது, 2016ல் ஆறே பகுதிகளில் முடித்தது. நேரம் கூடுவது நல்லதுதான். கூடிய நேரத்தை எதற்குச் செலவிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். உங்களுக்குக் குறையாகத் தெரிந்ததும் இங்கேதான் இருக்கிறது என்று ஊகிக்கிறேன்.

முதல் பின்னுரை படத்தில் இல்லை. போர் முடிந்து ஏழு வருடம் கழித்து நடக்கும் குடும்பக் கதை அது. பியரை மணந்த நடாஷா உடம்பு போட்டு, பிள்ளைகளோடு இருக்கிறாள். கைக்குழந்தையின் துணியில் பச்சைக் கறை போய் மஞ்சள் கறை வந்துவிட்டது என்று சந்தோஷமாகக் கொண்டுவந்து காட்டுகிறாள். முதல் வாசிப்பில் நான் இந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டினேன். எனக்குக் குழந்தை பிறந்த பிறகு திரும்பப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரலாறு என்பது சின்னச் சின்ன வாழ்க்கைகளின் கூட்டுத்தொகை என்றால், கூட்டப்படுவது இந்தத் துணிதான்.

படம் ஒரு வாசகத்தோடு தொடங்குகிறது, முடிவிலும் அதே குரல் அதைச் சொல்கிறது: கெட்டவர்கள் ஒன்றுசேர்ந்து பலம் பெறுகிறார்கள் என்றால் நல்லவர்களும் அதையே செய்ய வேண்டும், அவ்வளவு எளிது. கல்வெட்டு போல ஒலிக்கிறது. நாவலில் இது அந்தப் பின்னுரையின் கடைசி அத்தியாயத்தில், வீட்டில், பியர் மனைவியிடம் சொல்வது. சொல்லிவிட்டு, “நீ ஏதோ சொல்ல வந்தாயே?” என்று கேட்கிறான். “ஒன்றுமில்லை” என்கிறாள் அவள். விடாமல் கேட்டதும் கைக்குழந்தை பேத்யாவைப் பற்றிச் சொல்கிறாள். இன்றைக்குத் தாதி அவனைத் தூக்க வந்தபோது சிரித்துக்கொண்டே கண்ணை மூடி இவளை இறுக்கிக்கொண்டானாம். தான் ஒளிந்துகொண்டதாக நினைத்துவிட்டான் போல. சொல்லி முடிப்பதற்குள் குழந்தை அழுகிறது, அவள் எழுந்து போய்விடுகிறாள்.

போந்தார்சுக் பியரின் வாக்கியத்தை எடுத்துக்கொண்டார், அதற்கு வந்த பதிலை விட்டுவிட்டார். உங்கள் வட்டம் அடுத்த முறை கூடும்போது இந்த அத்தியாயத்தை யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் நான்காம் பாகத்தின் கடைசி ஐந்து நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். என்ன பேசினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.