குவாங்சோவை மெட்ரோவிலேயே சுற்றிப் பார்க்க முடியுமா? சீன மொழி தெரியாவிட்டால் சிரமமா?

தாராளமாக முடியும். ரயிலுக்குள் மொழி ஒரு பிரச்சினையே இல்லை. பலகைகளில் ஆங்கில எழுத்தும் இருக்கும், அறிவிப்பு மாண்டரின், கான்டனீஸ், ஆங்கிலம் என மூன்றிலும் வரும். புதிதாகப் போகிறவரைச் சுற்றலில் விடுவது நிலையத்தின் வாசல்கள்தான்.

பெரிய நிலையங்களில் ஏ, பி, சி, டி என்று வாசல்கள் போய்க்கொண்டே இருக்கும். மாற்றி ஏறினால் அகலமான சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பீர்கள், நடுவில் தடுப்பு வேறு. அதனால் எங்கே போவதானாலும் நிலையத்தின் பெயரோடு வாசல் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குக் கூகுள் மேப்ஸ் உதவாது. அங்கே அது தடை. எப்படியோ திறந்துவிட்டாலும் நீங்கள் நிற்கும் இடத்தைச் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். ஐபோன் இருந்தால் ஆப்பிள் மேப்ஸ் போதும். ஆண்ட்ராய்டு என்றால் ஆமேப் செயலியை இங்கிருந்தே இறக்கிக்கொண்டு போங்கள். எந்த வாசலில் வெளியேற வேண்டும் என்பதையும் அவை சொல்லிவிடும். போகிற இடத்தின் பெயரைச் சீன எழுத்தில் போனில் வைத்திருப்பதும் நல்லது. நம் உச்சரிப்பு அங்கே யாருக்கும் புரியாது, எழுத்தைக் காட்டினால் உடனே கை நீட்டி வழிகாட்டுவார்கள்.

டிக்கெட் ரொம்ப மலிவு. முதல் 4 கிலோமீட்டருக்கு 2 யுவான், தூரம் கூடக் கூட மெதுவாக ஏறும். விமான நிலையத்திலிருந்து நகரின் நடுப்பகுதிக்கே 10 யுவானுக்குள் வந்துவிடலாம். இயந்திரத்தில் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துக் காசு போட்டால் வட்டமான பிளாஸ்டிக் டோக்கன் விழும். உள்ளே போகும்போது அதைக் கதவில் காட்ட வேண்டும், வெளியே வரும்போது துளையில் போட்டுவிட வேண்டும். 5, 10 யுவான் நோட்டுகளைக் கையில் வைத்திருங்கள், 100 யுவான் நோட்டோடு இயந்திரத்தின் முன் நிற்பதில் பயனில்லை. அலிபே என்கிற பணம் செலுத்தும் செயலியில் உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டை ஊரிலேயே இணைத்துவிட்டால் இந்தச் சில்லறைக் கவலை பெரும்பாலும் இல்லை. ஒரு நாள், மூன்று நாள் பாஸ்களும் உண்டு. ஆனால் ஒரு பயணமே 2, 3 யுவானில் முடிகிற ஊரில் பாஸ் வாங்கி லாபம் பார்க்க நாள் முழுக்க ரயிலிலேயே இருக்க வேண்டும், எனக்கு அது தேவையாகப் படவில்லை.

நுழையும் இடத்தில் பையை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்கச் சொல்வார்கள். கத்தி, ஸ்பிரே டப்பா மாதிரி சமாசாரங்களைப் பையில் வைக்காதீர்கள்.

அப்புறம், 3ஆம் பாதை. விமான நிலையத்திலிருந்து வருவது அதுதான், நெரிசலுக்குப் பேர்போனதும் அதுதான். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்த பாதை, ஆனால் 2005இல் திறந்தபோது ஓடியது மூன்றே பெட்டி வண்டி. 2010இல் அதை ஆறு ஆக்கினார்கள், அதற்குள் ஊர் அதைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. காலை எட்டு மணிக்குத் தீயு சீலு நிலையத்தில் பெரிய சூட்கேஸோடு ரயில் மாறலாம் என்று திட்டம் போடாதீர்கள். அந்த நேரம் வந்து இறங்கினால் விமான நிலையத்திலேயே ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

ஏப்ரல், அக்டோபரில் கான்டன் கண்காட்சி என்கிற பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கும். நம்மூர் வியாபாரிகள் நிறையப் பேர் வருவது அதற்குத்தான். 8ஆம் பாதையில் கண்காட்சி அரங்கின் ஏ பகுதிக்குச் சிங்காங்டோங், பி, சி பகுதிகளுக்குப் பாசோ நிலையத்தில் இறங்க வேண்டும். மாலையில் அரங்கு மூடும் நேரத்தில் இரண்டுமே திணறும், ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புவது புத்திசாலித்தனம்.

சுற்றிப் பார்க்க என்றால் என் ஓட்டு 1ஆம் பாதைக்கு. சென் குல முன்னோர் மாளிகைக்கு அதன் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. ஹுவாங்ஷாவில் இறங்கினால் ஷாமியன் தீவு பக்கத்தில்தான். ஒரு காலத்தில் பிரிட்டிஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் குடியிருந்த கட்டடங்கள், பெரிய பெரிய மரங்கள், நடக்க அருமையான இடம். மாலையில் ஏபிஎம் என்கிற குட்டிப் பாதையில் ஏறுங்கள். ஓட்டுநர் இல்லாத வண்டி, மொத்தமே 4 கிலோமீட்டர்தான். ஓபரா ஹவுஸைக் கடந்து, ஆற்றுக்கு அடியில் புகுந்து, 600 மீட்டர் உயரமுள்ள கான்டன் கோபுரத்தின் காலடியில் கொண்டுபோய் விடும். கோபுரத்தின் மேலே ஏறுவது உங்கள் பர்ஸைப் பொறுத்தது, கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது இலவசம்.

அதிவேக ரயிலில் ஹாங்காங் போவதாக இருந்தால் டிக்கெட்டில் நிலையத்தின் பெயரை இரண்டு முறை படியுங்கள். குவாங்சோ, குவாங்சோ கிழக்கு, குவாங்சோ தெற்கு, பையூன் என்று எல்லாமே தனித்தனி நிலையங்கள். தெற்கு நிலையம் நகரை விட்டுத் தள்ளி இருக்கிறது, 2ஆம் பாதையில் போகலாம். அங்கே பாஸ்போர்ட் சோதனை, பை சோதனை எல்லாம் முடிய நேரம் பிடிக்கும், ஹாங்காங் ரயில் என்றால் வண்டி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே இருங்கள்.