தலைக்கு 2.2 மெகாபிட் இருந்தும் படம் நிற்பது ஏன்?

வணக்கம். வீடியோவைத் துண்டு துண்டாகப் பெற்று பார்வையாளர்களே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் நேரலை, பார்ப்பவர்கள் 50 பேர், வீடியோவுக்கு நொடிக்கு 2 மெகாபிட். பதிவேற்ற வேகம் மூல சர்வருக்கு 20, பார்வையாளர்களில் 10 பேருக்கு 5, மீதி 40 பேருக்கு 1. மொத்தம் 110, தலைக்கு 2.2, ஆனாலும் படம் நின்று நின்று ஓடுகிறது என்கிறீர்கள்.

அந்த 2.2 ஒரு துளியும் சிந்தாமல் பங்கிட்டால் கிடைக்கும் உச்சவரம்பு. 5 மெகாபிட் உள்ளவர்களில் நான்கு பேர் வெளியேறினாலே 90-ஐ 46 பேர் பகிர வேண்டும்: 1.96. பற்றாக்குறை தொடங்கிவிட்டது. வீடியோவை 1.5-க்கு இறக்குங்கள். மனம் ஒப்பாதுதான், ஆனால் உறைந்து நிற்கும் தெளிவான படத்தால் யாருக்கு என்ன பயன்?

இதைவிடப் பெரிய சிக்கல், கோப்புகளை இதேபோல் பயனர்களிடையே பகிரும் பிட்டொரன்ட்டின் ‘கொடுத்தவருக்கே கொடுப்பேன்’ விதியை அப்படியே எடுத்துக்கொண்டது. 1 கொடுப்பவருக்கு 1தான் திரும்பும் என்றால் அந்த 40 பேர் 2 மெகாபிட் படத்தை எப்படிப் பார்ப்பார்கள்? கோப்பு இறக்கும்போது தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். நேரலையில் கெடு தாண்டி வந்த துண்டு குப்பைக்குத்தான். விதியைத் தளர்த்துங்கள். புதிய துண்டுகளை 5 மெகாபிட் உள்ளவர்களுக்கு முதலில் அனுப்புங்கள். அவர்களிடமிருந்து மற்றவர்களுக்கு வேகமாகப் பரவும்.

துண்டுத் தேர்வில், அடுத்த சில நொடிகளில் ஓட வேண்டியவற்றை வரிசையாகவும், மற்றவற்றை அரிதானது (மிகச் சிலரிடமே இருப்பது) முதலிலுமாகக் கேளுங்கள். சர்வரின் 20-இல் ஒரு 4 மெகாபிட்டைக் கெடு நெருங்கிய துண்டுகளுக்கென்றே ஒதுக்கிவையுங்கள். மாற்றிய பிறகு, படம் நிற்கும் நேரமும் ஆட்கள் வெளியேறும் நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.