வாசகர் கேள்வி: மரபினமும் இனத்துவமும்

கேள்வி: மரபினம் (race) வேறு, இனத்துவம் (ethnicity) வேறு என்று சமூகவியல் வகுப்பில் படிப்பிக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ‘இனம்’ என்ற ஒரே கூடுதான் இருக்கிறது. எங்கள் பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் எந்த வகையில் இரு இனத்தவர்?
- வாசகி ஒருவர், கல்முனை

பதில்: இனத்துவத்தின் வகையில்தான், சான்றிதழ்க் கூட்டில் நாம் எழுதுவதும் அதுவே.

மரபினம் என்பது தோல் நிறம், தலைமயிர், முகவாகு ஆகியவற்றை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கும் வகைப்பாடு. பெரும்பாலும் அது பிறர் நம்மீது சுமத்துவது. தென்னாபிரிக்காவின் 1950ஆம் ஆண்டுக் குடிசனப் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒருவர் வெள்ளையரா அல்லரா என்பதை அதிகாரிகள் தோற்றத்தைப் பார்த்தே தீர்மானிக்க முடிந்தது. மனிதரிடையேயுள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கட்கூட்டத்துக்குள்ளேயே காணப்படுகிறது என்று மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1972இல் காட்டினார். அதாவது மரபின வகைப்பாட்டுக்கு உயிரியல் அடிப்படை மிகக் குறைவு. ஆயினும் அந்த வகைப்பாட்டால் வாக்குரிமையும் காணியும் இழந்தவர்களின் இழப்பு மெய்யானது.

இனத்துவமோ மொழி, சமயம், வழிவழிக் கதை, வழக்காறு ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு ஒரு கூட்டத்தார் தாமே உரிமை கொண்டாடுவதும் அயலார் ஏற்றுக்கொள்வதுமான அடையாளம். பண்பாட்டு வேறுபாடுகளின் பட்டியலைவிட, ‘நாம்’, ‘அவர்கள்’ என்ற எல்லையை மக்கள் எங்கே போடுகிறார்கள் என்பதே முக்கியம் என்றார் மானிடவியலாளர் பிரெட்ரிக் பார்த் (1969). அவர் கூற்றுக்கு இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. இரு சமூகத்தாருக்கும் தாய்மொழி தமிழ். இரு சமூகத்திலும் குடி எனப்படும் குலப்பிரிவு தாய்வழியே வருகிறது, ஒரே குடிக்குள் மணம் செய்வது வழக்கமில்லை, மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக்கொடுக்க மாப்பிள்ளை அங்கே குடிபுகுகிறார். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரையும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயரையும் குடிப்படி தெரிவுசெய்யும் மரபும் இருந்து வந்திருக்கிறது. இத்தனை ஒற்றுமைக்கும் நடுவே எல்லை சமயத்தில் விழுந்திருக்கிறது. கத்தோலிக்கத் தமிழருக்கும் இந்துத் தமிழருக்கும் இடையே உள்ள சமய வேறுபாடு தனி இனத்தை உண்டாக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஏன் அப்படி என்பதற்கு அரசியலையும் பார்க்கவேண்டும். சோனகர் (இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையினர்) இனவழியில் தமிழரே என்று தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வாதிட்டார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வழங்கப்பட்டது 1889இல். சோனகர் தரப்பில் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் இராமநாதனின் வாதத்துக்கு விரிவான மறுப்பு எழுதினார். முன்னோர் யார் என்ற அந்த விவாதத்தின் அடியில், யாருக்காக யார் பேசுவது என்ற கேள்வியே இருந்தது என்பது என் கருத்து.